பிராகில் மாறிய ஓர் அணு

நம் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். ஆறு அணுக்கள் சேர்ந்த சிறு வளையம் அது. ஐந்தாம் இடத்தில் இயல்பாக இருப்பது ஒரு கார்பன். அந்த இடத்தில் நைட்ரஜன் இருக்கும்படி ஒரு மூலக்கூறைத் தயாரித்து, 1964-இல் அதன் செய்முறையை வெளியிட்டார்கள் பிராக் நகரத்து வேதியியலாளர்கள் அலோயிஸ் பிஸ்கலாவும் ஃபிரான்டிஷெக் ஷோர்மும். 5-அசாசைட்டிடின் என்று அதற்குப் பெயர். இன்றைய மருந்துச் சீட்டுகளில் அது அசாசிட்டிடின். அறுபது ஆண்டுகளாக அந்த மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை. அது உடலுக்குள் என்ன செய்கிறது என்ற நம் எண்ணம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் விஷம் என்றோம். பிறகு மரபணுக்களின் பூட்டைத் திறப்பது என்றோம். இப்போது, நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் புற்றுநோயைக் காட்டிக்கொடுப்பது என்கிறோம்.

அவர்கள் அன்று தேடியது விஷத்தைத்தான். வேகமாகப் பெருகும் செல், டிஎன்ஏவைப் பிரதியெடுக்க எழுத்துகளை வாரி விழுங்கும். அந்தத் தீனியில் ஒரு போலி எழுத்தைக் கலந்துவிட்டால் பிரதி கெடும், செல் சாகும். அக்காலத்துப் புற்றுநோய் மருந்துத் தேடலில் பெரும்பகுதி இந்த வழியில்தான் நடந்தது. அசாசிட்டிடின் பாக்டீரியாவைக் கொன்றது, எலிகளின் ரத்தப் புற்றையும் கட்டுப்படுத்தியது. 1966-இல் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனத்தார் மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாவை வளர்த்தபோது, அதுவும் இதே பொருளைச் சுரப்பதைக் கண்டார்கள். பிராகில் செய்ததை மண் முன்னமே செய்துவைத்திருந்தது.

ஷோர்ம் அந்நாட்டு அறிவியல் அகாடமிக்கே தலைவராக இருந்தவர். 1968-இல் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்ததை வெளிப்படையாக எதிர்த்தார். அதற்காகப் பதவிகளை இழந்தார். தன் மூலக்கூறின் உண்மையான வேலை என்ன என்று உலகுக்குத் தெரியவந்த 1980-ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். அவர் பணியாற்றிய பிராக் ஆய்வுக்கழகத்தில் 1960-இல் சேர்ந்த அன்டோனின் ஹோலி பின்னாளில் உருவாக்கிய டெனோஃபோவிர் இன்று கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் எச்ஐவி மருந்து. எச்ஐவி ஒரு ரெட்ரோவைரஸ். புதிதாய்த் தொற்றும் ரெட்ரோவைரஸை அடக்கும் மருந்தும், நம் மரபணுத் தொகுதிக்குள் புதைந்து கிடக்கும் பழைய ரெட்ரோவைரஸ்களை எழுப்பும் அசாசிட்டிடினும் (எப்படி என்று பின்னர் பார்ப்போம்) ஒரே ஆய்வுக்கழகத்தில் பிறந்தவை என்பது இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த தகவல்.

1970-களில் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அசாசிட்டிடினைத் தாங்கக்கூடிய அளவின் உச்சத்தில் கொடுத்தார்கள். சிலருக்கு நோய் தணிந்தது. ஆனால் வாந்தி கடுமையாக இருந்தது, எலும்பு மஜ்ஜை வற்றியது. போதாக்குறைக்கு மருந்தே தண்ணீரில் நிற்காது. இன்றும் அப்படித்தான். 100 மில்லிகிராம் குப்பியில் வரும் வெள்ளைப் பொடியில் 4 மில்லி தண்ணீரைச் சேர்த்தால் கலங்கலான திரவம் கிடைக்கும். தோலடியில் போடும் முன் செவிலியர் அந்தச் சிரிஞ்சை இரு உள்ளங்கைகளுக்கும் இடையே வைத்துச் சீராகக் கலங்கும்வரை உருட்ட வேண்டும். சாதாரணத் தண்ணீரில் கலந்து அறை வெப்பத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். காரணம் அந்த ஒற்றை நைட்ரஜன். அது பக்கத்திலிருக்கும் ஆறாம் இடத்துக் கார்பனைப் பலவீனமாக்குகிறது. தண்ணீர் அங்கே தாக்கி வளையத்தைப் பிளக்கிறது. மருந்தை மருந்தாக்குவதும் இதே பலவீனம்தான் என்பது பிறகு தெரியவந்தது.

அது தெரியவர வழிவிட்டது தென்னாப்பிரிக்காவில் கண்ட ஒரு காட்சி. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டினிடிஸ், பீட்டர் ஜோன்ஸ், கெவர்ஸ் ஆகியோர் எலிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்த செல்களுக்கு அசாசிட்டிடின் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டின் அடியில் பரவி வளர்வதைத் தவிர வேறெதுவும் செய்யாத சாதுவான செல்கள் அவை. மருந்தை அகற்றிவிட்டு நாள்கள் கடந்து பார்த்தபோது, தட்டில் நீண்ட இழைகள். நுண்ணோக்கியில் அந்த இழைகள் துடித்தன. தசை! தசையாக மாறவே வழியில்லை என்று கருதப்பட்ட செல்கள், வரிகளோடு கூடிய தசை நாராக மாறிச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. 1977-இல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள். அடுத்த இரண்டாண்டுகளில் அதே செல்கள் இதே மருந்தால் கொழுப்புச் செல்லாகவும் குருத்தெலும்புச் செல்லாகவும் மாறுவதையும் கண்டார்கள். விஷம் கொல்லும், ஒரு செல்லை வேறொரு செல்லாக மாற்றுமா?

விடை 1980-இல் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் சென்றுவிட்ட ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும், சர்க்கரை சேர்ந்த சைட்டோசினான சைட்டிடினின் பல போலிகளை வரிசையாக வைத்துச் சோதித்தார்கள். ஐந்தாம் இடத்தில் மாற்றம் செய்யப்பட்டவை தசையை உண்டாக்கின. நைட்ரஜனை ஓரிடம் தள்ளி ஆறாம் இடத்தில் வைத்த 6-அசாசைட்டிடின் அதைச் செய்யவில்லை. புற்றுநோய்க்குப் பெரிதும் பயன்பட்ட சைட்டராபினும் செய்யவில்லை. ஐந்தாம் இடத்தின் தனிச்சிறப்பு என்ன? உடல் சைட்டோசினில் மெத்தில் தொகுதியை ஒட்டவைப்பது அந்த இடத்தில்தான்.

ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த அந்தச் சின்னஞ்சிறு ஒட்டு, எழுத்தை மாற்றுவதில்லை. ஆனால் ஒரு மரபணுவின் முகப்பில் இது நிறைந்துவிட்டால் அந்த மரபணு பொதுவாக வாய் திறப்பதில்லை. செல் பிரியும்போது டிஎன்எம்டி1 என்ற நொதி பழைய இழையில் ஒட்டு எங்கே இருக்கிறதென்று பார்த்து, புதிய இழையிலும் அதே இடத்தில் ஒட்டுகிறது. கல்லீரல் செல்லின் மகள் கல்லீரல் செல்லாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். எழுத்து மாறாமல் தலைமுறைக்குத் தலைமுறை கடத்தப்படும் இத்தகைய மாற்றங்களைத்தான் எபிஜெனடிக் மாற்றங்கள் என்கிறோம்.

டிஎன்எம்டி1 மெத்திலை ஒட்டும் முன், வளையத்தின் ஆறாம் கார்பனைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாம் இடத்தில் ஒட்டி முடித்ததும் பிடியை விட்டு நகரும். அசாசிட்டிடின் இருந்தால் பிடிக்கிறது. ஆனால் ஐந்தாம் இடத்தில் கார்பன் இல்லாததால், பிடியை விடுவிக்கும் கடைசிப் படி நடப்பதில்லை. பலாப்பிசினில் கால் வைத்த ஈயைப்போல நொதி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. செல்லில் இருக்கும் நொதி இப்படி ஒவ்வொன்றாகச் சிக்கித் தீர, அடுத்தடுத்த பிரிவுகளில் புதிய இழைகள் ஒட்டில்லாமலே பிறக்கின்றன. உடலில் அசாசிட்டிடினின் பெரும்பகுதி ஆர்என்ஏவுக்குத்தான் போகிறது. ஒரு ஆக்சிஜன் குறைந்த அதன் தங்கை டெசிட்டபின் நேராக டிஎன்ஏவுக்குப் போகிறது. பொறி இரண்டிலும் ஒன்றே.

இந்தப் புரிதலை முதலில் பயன்படுத்திப் பார்த்தது ரத்தசோகையில். கருவிலிருக்கும்போது நமக்கு வேறு ஹீமோகுளோபின். பிறந்த பிறகு அதன் மரபணு மூடப்படுகிறது. அதைத் திறந்தால் தலசீமியாக்காரர்களுக்கு உதவும் அல்லவா? 1982-இல் கடுமையான பீட்டா தலசீமியா நோயாளி ஒருவருக்கு அசாசிட்டிடின் கொடுத்தபோது கருக்கால ஹீமோகுளோபின் உண்மையாகவே உயர்ந்தது. ஆனால் நெடுநாள் கொடுத்தால் இதுவே புற்றுநோயைத் தூண்டிவிடுமோ என்ற அச்சம் குறுக்கே நின்றது. அதே கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்த ஹைட்ராக்சியூரியா என்ற எளிய மருந்தும் போதும் என்று தெரிந்ததும், அதே உயர்வால் பயன்பெறும் மற்றொரு ரத்தசோகையான அரிவாள் செல் நோயில் அதுவே நிலைத்தது.

அசாசிட்டிடினுக்குப் புது வாழ்வு கொடுத்தது அளவைக் குறைத்த முடிவு. மஜ்ஜை கோளாறுற்று, நல்ல ரத்த அணுக்களை உருவாக்க முடியாமல் போகும் மைலோடிஸ்பிளாசியா என்ற நோய் பெரும்பாலும் முதியவர்களுக்கு வருவது. கடும் கீமோவை அவர்களால் தாங்க முடியாது. நியூயார்க்கின் லூயிஸ் சில்வர்மனும் கூட்டாளிகளும் அவர்களுக்குக் குறைந்த அளவில், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் வீதம், 28 நாளுக்கொரு முறை 7 நாள் தோலடியில் போட்டார்கள். 191 பேரைக் கொண்ட பரிசோதனையின் முடிவு 2002-இல் வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 60 விழுக்காட்டினரிடம் ஏதோவொரு முன்னேற்றம். துணைச்சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5 விழுக்காடு. 2004 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2009-இல் வெளியான பெரிய பரிசோதனையில், தீவிர நிலை நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 15 மாதத்திலிருந்து 24.5 மாதமாக உயர்ந்தது. 2013-இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் இதன் ஜெனரிக் வடிவத்தை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுபோனது.

பிராகில் பிறந்து நாற்பதாண்டு கழித்து அனுமதி! இவ்வளவு காலம் வீணானதற்கு முதன்மைக் காரணம், மருந்தென்றால் அதிக அளவில் கொடுத்தால்தான் அதிகம் வேலை செய்யும் என்று நம்பியதுதான் என்று நினைக்கிறேன். அதிக அளவில் செல் செத்துவிடுகிறது. செத்த செல்லில் மெத்தில் ஒட்டு இருந்தாலென்ன, போனாலென்ன? குறைந்த அளவில்தான் செல் உயிரோடிருந்து, பிரிந்து, ஒட்டுகளை இழக்கிறது.

இன்னொரு துப்பும் நோயாளிகளிடமே கிடைத்தது. முதல் சுற்றில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நான்கிலிருந்து ஆறு சுற்றுகளாவது பொறுத்துப் பாருங்கள் என்றே மருந்தின் குறிப்பு சொல்கிறது. செல்லைக் கொல்லும் மருந்து இத்தனை மாதம் எடுத்துக்கொள்ளாது. அப்படியானால் இடையில் வேறு யாரோ வேலை செய்கிறார்கள்.

அந்த வேறு யாரோ நோயெதிர்ப்புச் செல்களாக இருக்கலாம் என்பதற்குச் சிதறலாக அடையாளங்கள் இருந்தன. புற்றுநோய்ச் செல்லின் தந்திரங்களில் முக்கியமானது தன்னைக் காட்டிக்கொடுக்கும் மரபணுக்களை மெத்தில் ஒட்டி மூடிவிடுவது. செல்லின் உள்ளே என்ன புரதம் இருக்கிறதென்று வெளியே எடுத்துக் காட்டும் எச்எல்ஏ தொடர்பான மரபணுக்கள் மூடப்படுகின்றன. புற்றுசெல்லைக் கொல்லும் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களை வரவழைக்கும் சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற சமிக்ஞைகள் சூலகப் புற்றில் இப்படி அடக்கப்படுவதை 2015-இல் காட்டினார்கள். டெசிட்டபின் கொடுத்தால், விந்தகத்துக்கு வெளியே பொதுவாக வெளிப்படாத மேஜ் வகைப் புரதங்கள் புற்றுசெல்லில் தலைகாட்டுவது 1990-களிலேயே தெரிந்திருந்தது. பிறகு நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஒரு சங்கதி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அசாசிட்டிடினும் என்டினோஸ்டாட் என்ற இன்னொரு எபிஜெனடிக் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் சிலர், அடுத்து டி செல்களின் தடையை நீக்கும் பிடி-1 தடுப்பு மருந்துப் பரிசோதனையில் சேர்ந்தார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறினார்கள். கைவிரலில் எண்ணக்கூடிய சிலர்தான். சான்று என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கூர்மையானது.

2015 ஆகஸ்டில், 'செல்' என்ற ஆய்விதழின் ஒரே வெளியீட்டில் இரு கட்டுரைகள் வந்தன. ஒன்று பால்டிமோரின் ஸ்டீபன் பேலின் குழுவிடமிருந்து. மற்றது டொரான்டோவின் டேனியல் டி கார்வால்யோ குழுவிடமிருந்து. டொரான்டோக்காரர்கள் பெருங்குடல் புற்றுசெல்களுக்குக் குறைந்த அளவு டெசிட்டபினை ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு, எந்த மரபணு எப்போது எழுகிறதென்று நாள்வாரியாகப் பின்தொடர்ந்தார்கள். சில மரபணுக்கள் சீக்கிரம் எழுந்து அடங்கின. ஒரு கூட்டம் மட்டும் தாமதமாக எழுந்து நெடுநாள் நின்றது. விசித்திரம் என்னவென்றால், தாமதமாக எழுந்தவற்றின் முகப்பில் இழப்பதற்கு மெத்தில் ஒட்டே முதலில் இல்லை. மூடியிராத கதவை மருந்து எப்படித் திறந்திருக்கும்? அவை என்ன மரபணுக்கள் என்று பார்த்தால், வைரஸ் தாக்கிய செல் எழுப்பும் இன்டர்ஃபெரான் கூட்டம். தட்டிலோ வைரஸ் இல்லை.

வைரஸ் உள்ளே இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நம் மூதாதை விலங்குகளைத் தொற்றிய ரெட்ரோவைரஸ்கள் அவற்றின் முட்டை, விந்து செல்களின் டிஎன்ஏவில் தம்மை எழுதிவிட்டுப் போயிருக்கின்றன. நம் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு அந்தக் கையெழுத்து. பெரும்பாலும் சிதைந்தவை, ஒரு முழு வைரஸை உண்டாக்கும் திறன் இல்லாதவை. உடல் அவற்றை மெத்தில் ஒட்டி மூடி வைத்திருக்கிறது. மருந்து ஒட்டைப் பிரித்ததும் அவை ஆர்என்ஏவாக எழுகின்றன. இரு திசைகளிலும் படியெடுக்கப்படுவதால் இரண்டு இழைகள் இணைந்து இரட்டை ஆர்என்ஏ ஆகிறது. செல்லுக்குள் நீண்ட இரட்டை ஆர்என்ஏ என்றால் அது வைரஸ்தான் என்று நினைக்கும் காவலாளி எம்டிஏ5. அது மேவ்ஸ் என்ற புரதம் வழியாக அபாயச்செய்தி அனுப்ப, செல் தனக்குத் தொற்று வந்துவிட்டதாகவே நடந்துகொள்கிறது. நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கூவி அழைக்கிறது. எம்டிஏ5-ஐயோ மேவ்ஸையோ ஒடுக்கியபோது மருந்தின் விளைவும் ஒடுங்கியது. பால்டிமோர் குழு சூலகப் புற்றுசெல்களில் இதே கதையைக் கண்டது. எலிகளின் மெலனோமாவில் இம்மருந்தோடு நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தால் பலன் கூடுவதையும் காட்டியது.

இந்த உறங்கும் வைரஸ்கள் ஏன் அதுவரை கண்ணில் படவில்லை? கணினிக்காரர்களின் பங்கு தொடங்குவது இங்கேதான். பெரும்பாலான புற்றுநோய் ஆய்வுகளில் கட்டியின் ஆர்என்ஏவைச் சிறு துண்டுகளாக வாசித்து, ஒவ்வொரு துண்டும் மரபணுத் தொகுதியில் எந்த இடத்திலிருந்து வந்ததென்று பொருத்துவார்கள். சாதாரண மரபணுவின் துண்டு ஒரே இடத்தில் பொருந்தும். வைரஸ் எச்சத்தின் துண்டோ நூற்றுக்கணக்கான இடங்களில் அச்சாகப் பொருந்தும். ஏனென்றால் ஒரே வைரஸ் அத்தனை இடங்களில் தன்னை எழுதியிருக்கிறது. இடம் தெரியாத துண்டை என்ன செய்வது? தூக்கி எறிந்துவிடுவதே வழக்கமான முறை. ஆயிரக்கணக்கான கட்டிகளின் தரவில் விடை இருந்தது, நாம் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. 2015-இன் அந்த இரு குழுக்களும் தேர்ந்தெடுத்த சில வைரஸ்களை மட்டும் தனித்தனியாக அளந்துதான் தங்கள் வாதத்தை நிறுவினார்கள். முழுத்தொகுதியிலும் எண்ண வேறு வழி தேவைப்பட்டது.

டிஈடிரான்ஸ்கிரிப்ட்ஸ், டெலஸ்கோப் போன்ற மென்பொருள்கள் அந்த வழியைக் கொடுத்தன. அவற்றின் உத்தி நேர்மையானது. முதலில், பல இடங்களில் பொருந்தும் துண்டை அந்த இடங்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும். பிறகு பார்க்கும்: எந்த இடத்தில் மற்ற துண்டுகளும், குறிப்பாக அங்கே மட்டுமே பொருந்தும் துண்டுகளும் அதிகம் சேர்ந்திருக்கின்றன? அங்கே கூடுதல் பங்கு. இந்தப் புதிய பங்கீட்டை வைத்து மீண்டும் கணக்கிடும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யும். ஒரு துண்டு எங்கிருந்து வந்ததென்று உறுதியாகச் சொல்லாது. எங்கிருந்து வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும்.

மெத்தில் ஒட்டை வாசிப்பதும் தனிக் கலை. சாதாரண டிஎன்ஏ வாசிப்புக்கு ஒட்டு தெரியாது. 1992-இல் சிட்னியில் மரியான் ஃப்ரோமர் குழு செய்த உத்தி இன்றும் அடிப்படை. டிஎன்ஏவை பைசல்ஃபைட்டில் ஊறவைத்தால் ஒட்டில்லாத சைட்டோசின்கள், அதாவது சி எழுத்துகள், உருமாறி, வாசிக்கும்போது டி ஆகத் தெரியும். ஒட்டுள்ள சி அப்படியே நிற்கும். ஏ-சி-ஜி-டி-சி-சி-ஏ என்ற துண்டு ஏ-சி-ஜி-டி-டி-டி-ஏ என்று திரும்பி வந்தால், முதல் சி-யில் ஒட்டு இருந்தது, மற்ற இரண்டில் இல்லை என்று பொருள். கணினிக்கு இதில் ஒரு தலைவலி: இந்த டி பிறவியிலேயே டி-யா, உருமாறிய சி-யா? பிஸ்மார்க் என்ற மென்பொருள் துண்டிலும் மரபணுத் தொகுதியிலும் உள்ள சி எல்லாவற்றையும் டி ஆக மாற்றி, மூன்றே எழுத்துகளில் முதலில் இடத்தைப் பொருத்துகிறது. பிறகு மூல எழுத்தோடு ஒப்பிட்டு ஒட்டுகளை எண்ணுகிறது. நம் தொகுதியில் இப்படி ஒட்டு ஏறக்கூடிய சிஜி இணைகள் ஏறத்தாழ 2.8 கோடி.

பெரிய தரவில் இன்னொரு பொறியும் உண்டு. இதில் விழுந்தவர்கள் பலர். பாஸ்டனைச் சேர்ந்த ரூனி, ஹேகோஹென் குழு 2015-இல் 18 வகைப் புற்றுநோய்களின் தரவை ஆராய்ந்தது. டி செல்கள் கொலைத்தொழிலுக்குப் பயன்படுத்தும் கிரான்சைம்-ஏ, பெர்ஃபோரின் என்ற இரண்டே மரபணுக்களின் அளவைச் சேர்த்து, ஒரு கட்டியில் நோயெதிர்ப்பு எவ்வளவு மும்முரம் என்று மதிப்பிட்டது. சில வைரஸ் எச்சங்கள் அதிகமாக எழுந்த கட்டிகளில் இந்த மும்முரமும் அதிகம் என்று கண்டது. அருமையான குறிப்பு. ஆனால் கட்டி என்பது புற்றுசெல் மட்டும் இல்லை. டி செல், ரத்தக் குழாய், நார்ச்செல் எல்லாம் கலந்தது. வைரஸ் ஆர்என்ஏ எழுந்ததால் டி செல் வந்ததா, வந்த டி செல்லே அந்த ஆர்என்ஏவைக் கொண்டுவந்ததா? ஒவ்வொரு செல்வகைக்கும் தனக்கே உரிய மெத்தில் கோலம் உண்டு என்பதைப் பயன்படுத்தி, கலவையிலிருந்து எந்த வகை எத்தனை பங்கு என்று சமன்பாடுகளால் பிரித்தெடுக்கும் முறையை ஹவுஸ்மன் குழு 2012-இல் ரத்தத்தில் செய்துகாட்டியது. கட்டிகளிலும் அந்தப் பிரித்தெடுப்பு இல்லாமல் வரும் தொடர்புகளை நான் நம்புவதில்லை.

2020-இல் டி கார்வால்யோ குழு தன் கதையைத் தானே திருத்திக்கொண்டது. எம்டிஏ5 உண்மையில் பிடித்துவைத்திருக்கும் ஆர்என்ஏவைத் தனியே எடுத்து வாசித்தபோது, பெரும்பங்கு வைரஸ் எச்சங்கள் இல்லை. ஆலு என்ற சிறு துணுக்குகள். சுமார் 300 எழுத்து நீளமுள்ள ஆலு, நம் தொகுதியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாகக் கிடக்கிறது. அருகருகே எதிரெதிர்த் திசையில் இரண்டு ஆலு இருந்தால் அந்த ஆர்என்ஏ தன்மேலேயே மடிந்து இரட்டையாகிவிடும். அடார்1 என்ற நொதி அந்த இரட்டையின் ஏ எழுத்துகளை வேதியியல் ரீதியில் மாற்றி, எம்டிஏ5-இன் கண்ணிலிருந்து மறைக்கிறது. கணினியில் இது டிஎன்ஏவில் ஏ இருக்கும் இடத்தில் ஆர்என்ஏவில் ஜி என்று தெரியும். அடார்1-ஐ நீக்கிய புற்றுசெல்களில் டெசிட்டபினின் தாக்கம் கூடியது. ஐந்தாண்டில் தன் முடிவைத் தானே மறுபரிசீலனை செய்து, அதையும் அதே ஆர்வத்தோடு வெளியிட்ட அக்குழுவின் மீது எனக்குப் பெரும் மரியாதை.

இதுவரை சொன்னது புற்றுசெல்லின் பக்கம். டி செல்லின் பக்கமும் இருக்கிறது. நாள்பட்ட எதிரியோடு போராடும் டி செல் சோர்ந்துபோகிறது. கொல்லும் வேலையை நிறுத்துகிறது. பிடி-1 தடுப்பு மருந்து அதை எழுப்புகிறது, ஆனால் பலருக்கு நீடிப்பதில்லை. 2013-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான அட்டாக்-சீக் முறை, டிஎன்ஏவில் திறந்து கிடக்கும் இடங்களை மட்டும் ஒரு நொதியால் வெட்டி வாசிக்கிறது. இதைக்கொண்டு 2016-இல் எலிகளின் சோர்ந்த டி செல்களைப் பார்த்தபோது, மருந்து எழுப்பிய பிறகும் திறந்த இடங்களின் வரைபடம் ஏறக்குறைய மாறவேயில்லை. செல் எழுந்து உட்கார்ந்தது. சோர்வு டிஎன்ஏமீது எழுதியபடியே இருந்தது. அடுத்த ஆண்டு மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் யங்பிளட் குழு, அந்தச் சோர்வை எழுதும் கை டிஎன்எம்டி3ஏ என்ற மெத்தில் ஒட்டும் நொதி என்று காட்டியது. முதலில் டெசிட்டபின், பிறகு பிடி-1 தடுப்பு என்று வரிசையாகக் கொடுத்தபோது எலிகளின் டி செல்கள் நன்றாகப் பெருகின. பிராக்கின் நைட்ரஜன் இங்கேயும் வந்து சேர்ந்தது.

மனிதர்களிடம் வந்தபோது கதை இவ்வளவு நேராக இல்லை. முன்பு சிகிச்சை பெற்ற நுரையீரல் புற்றுநோயாளிகள் 100 பேரிடம் பெம்ப்ரோலிசுமாப் என்ற பிடி-1 தடுப்பு மருந்தோடு அசாசிட்டிடின் மாத்திரையைச் சேர்த்துப் பார்த்த பரிசோதனையில், வெறும் பெம்ப்ரோலிசுமாப்பைவிட எந்த நன்மையும் இல்லை என்று 2019-இல் வெளியானது. புற்றுசெல்லை விழுங்கும் செல்களின் தடையை நீக்கும் மேக்ரோலிமாபை அசாசிட்டிடினோடு சேர்த்த மைலோடிஸ்பிளாசியா பரிசோதனை 2023-இல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. நுரையீரல் முடிவு வெளியான அதே 2019-இல் பெய்ஜிங்கிலிருந்து வந்த முடிவு நேர்மாறு. பலமுறை சிகிச்சைக்குப் பிறகும் திரும்பி வந்த ஹாட்கின் லிம்ஃபோமாவுக்கு, பிடி-1 மருந்தையே முன்பு தொடாத 61 பேரில், கேம்ரெலிசுமாப் என்ற பிடி-1 மருந்தை மட்டும் பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கு நோய் முற்றாக மறைந்தது; குறைந்த அளவு டெசிட்டபின் சேர்த்துப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினருக்கு.

ஏன் இந்த வேறுபாடு? பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் டிஎன்ஏவில் மட்டுமே இம்மருந்து ஏறும். உடலில் இருக்கும் சைட்டிடின் டிஅமினேஸ் என்ற நொதி இதை விரைவில் சிதைத்துவிடும். மெதுவாகப் பெருகும் திடமான நுரையீரல் கட்டிக்குள் போதிய மருந்து, போதிய நேரம் போய்ச்சேர்கிறதா? ஒவ்வொரு நோயாளியிடமும் மருந்துக்கு முன்னும் பின்னும் கட்டியிலிருந்து சிறு துணுக்கெடுத்து, ஒட்டு உண்மையில் விலகியதா, இரட்டை ஆர்என்ஏ எழுந்ததா, டி செல்லின் வரைபடம் நகர்ந்ததா என்று எண்ணிப் பார்க்காமல், ஆயுள் கூடியதா என்று மட்டும் கேட்கும் பரிசோதனை தோற்றால், தோற்றது கருத்தா, அளவா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் துணுக்கைக் கொடுக்கச் சம்மதிக்கும் நோயாளி தாங்கும் வலிக்கு, அதை முழுமையாக வாசிப்பதே நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

2020-இல் அசாசிட்டிடின், டெசிட்டபின் இரண்டுக்கும் மாத்திரை வடிவத்துக்கு அனுமதி கிடைத்தது. டெசிட்டபின் மாத்திரையில் அந்த நொதியை அடக்கும் துணைமருந்தும் சேர்ந்திருக்கிறது. 2021-இல் ஜிஎஸ்கே3685032 என்ற புதிய மூலக்கூறு பற்றி வெளியானது. அது டிஎன்ஏ இழையில் ஓர் எழுத்தாகச் சேர்வதில்லை. டிஎன்எம்டி1-ஐ மட்டும் தடுத்து, பிறகு விட்டுவிடுகிறது. எலிகளின் ரத்தப் புற்றில் டெசிட்டபினைவிட நன்றாகத் தாங்கப்பட்டது. பிராக் மூலக்கூறு ஒட்டை நீக்குகிறது, நொதியைச் சிக்கவைத்து டிஎன்ஏவைக் காயப்படுத்தவும் செய்கிறது. எந்த விளைவு எதனால் என்று அதுவரை பிரிப்பது கடினமாக இருந்தது. ஒரே செல்களுக்கு இரண்டையும் தனித்தனியே கொடுத்து, எழும் ஆலு ஆர்என்ஏக்களை எண்ணிப் பார்த்தால், எம்டிஏ5-ஐ எழுப்புவதில் ஒட்டு விலகியதற்கு எவ்வளவு பங்கு, காயத்துக்கு எவ்வளவு பங்கு என்று இனி அளக்க முடியும்.